பால்வண்ணன் இத்தாலியன் படிக்கிறார்

ஜனவரி 11, ஞாயிறு

மோட்டார் காயிலுக்குக் கம்பி வாங்குற கடையில ஓசி டைரி குடுத்தாக. போன வருஷ டைரியில என் வீட்டுக்காரி செண்பகம் கோலம் போட்டுப் பாத்தே தீத்துட்டா. இந்த வருஷம் நான் முந்திக்கிட்டேன். எழுத உக்காந்தா நான் பெரிய வாயாடி.

முதல் சேதி: இத்தாலியன்ல செம்புக்கு 'ராமே'ன்னு பேரு. கம்பிக்கு 'ஃபீலோ'. கோவில்பட்டியில மோட்டாருக்குக் காயில் கட்டுறவனுக்கு இது தெரிஞ்சு என்ன ஆகப்போகுதுன்னு கேட்டா, ஒண்ணும் ஆகப்போறதில்லை. சிலபேரு சீட்டு விளையாடுதாக, சிலபேரு புறா வளக்காக. நான் இத்தாலியன் படிக்கேன்.

போன ஐப்பசி மழையில பட்டறையில வேலை இல்லாம செல்லை நோண்டிக்கிட்டு இருந்தப்ப ஒரு வீடியோவுல இத்தாலிக்காரர் ஒருத்தர் வந்து மாட்டுனாரு. வழுக்கை, தொந்தி, என்னை மாதிரியே கைவச்ச பனியன். மோட்டாரைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு காயில் கட்டுறாரு. கட்டிக்கிட்டே பேசுறாரு பாருங்க, அப்பப்பா! கை ரெண்டும் என் கை மாதிரியே இருக்கு, வாய்தான் வேற. இந்த மனுசன் அப்படி என்னதான் பேசுதாருன்னு தெரிஞ்சுக்க ஆசை வந்துருச்சு. பாஷை படிக்கிற ஆப் ஒண்ணை இறக்கினேன். அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம் இன்னும் விடலை.

செண்பகத்துக்கு ஒரே சிரிப்பு. "ஏங்க, கோவில்பட்டியில யார்கூட இத்தாலியன் பேசப்போறீக?"

யாரும் இல்லைங்கிறதுதான் அதுல இருக்க சுகமே.

ஜனவரி 14, புதன்

போகி. பட்டறையை ஒதுங்க வச்சேன். பேரிங் வாங்கப் போனேன், எப்பவும்போல துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்தேன். எழுதிக் குடுத்தா நம்பர் மாறிப்போகாது பாருங்க. கரும்பு வாங்க செண்பகத்தை அனுப்பிட்டேன். கரும்புக்காரன்கிட்ட பேரம் பேசணும், அது அவளுக்குத்தான் சரி.

ஜனவரி 25, ஞாயிறு

எம்மக பாப்பாவைப் பொண்ணு பாக்க விளாத்திகுளத்துலேர்ந்து வந்தாக. பாக்குறதுக்கு என்ன இருக்கு, மாப்பிள்ளை முகிலனும் அவளும் திருநெல்வேலியில ஒரே ஆபீஸ். ரெண்டு பேரும் முடிவு பண்ணி ஒரு வருஷமாச்சு. பெரியவுக உக்காந்து கேசரி திங்கிற சடங்குதான் பாக்கி, அதையும் தின்னாச்சு.

பேச்செல்லாம் எங்க அண்ணன் சங்கரலிங்கம்தான். அண்ணன் பேச ஆரம்பிச்சா வானொலி மாதிரி, நாமளா அணைச்சாத்தான் உண்டு. மாப்பிள்ளையோட அப்பா ஆவுடையப்பன் அதுக்கு மேல. இரும்புக்கடை வச்சிருக்காரு, கடையில பேசுற அதே சத்தம் இங்கேயும். ஆனா நல்ல மனுசன். வந்ததும் பட்டறையைப் பாக்கணும்னு வந்து நின்னு பாத்தாரு.

கிளம்பும்போது ஒரு சேதி சொன்னாரு. "எங்க வீட்டுல ஒரே ஒரு வழக்கம்தான் சம்பந்தி. நிச்சயத்தன்னைக்குப் பொண்ணைப் பெத்தவர் சபையில எந்திரிச்சு நிக்கணும். தன் பேரு, தகப்பன் பேரு, பொண்ணு பேரு மூணையும் தன் வாயால சொல்லி, குடுக்கச் சம்மதம்னு சொல்லணும். எங்க அத்தை ஒருத்திக்கு அவ சித்தப்பன் சம்மதம் சொல்லி நிச்சயம் பண்ணிட்டான். பெத்தவருக்கு மனசே இல்லை. அந்தக் குடும்பம் வெளங்கலை. அதுலேர்ந்து பெத்தவர் வாயால கேக்காம எங்க அய்யா தாம்பூலத்தைத் தொட்டதில்லை, நானும் தொட மாட்டேன்."

நான் தலையை ஆட்டினேன். அண்ணனுக்கு இருமல் வந்துருச்சு.

ஜனவரி 26, திங்கள்

நேத்து எழுதினதைப் படிச்சுப் பாத்தேன். எவனோ வெளியாள் எழுதின மாதிரி இருக்கு. உள்ளதை எழுதிடுதேன்.

எனக்குத் திக்கும். சின்ன வயசுலேர்ந்தே. கொஞ்சநஞ்சமில்லை, வார்த்தை தொண்டைக்கு வந்து ஆணி அடிச்ச மாதிரி நின்னுரும். முகம் கோணும், கண்ணு சொருகும். பாக்குறவுக பாவம், என்ன செய்யன்னு தெரியாம தரையைப் பாப்பாக, இல்லாட்டி வார்த்தையை அவுகளே சொல்லி முடிச்சிருவாக. அதனால ஊருக்கு நான் 'அமைதியான ஆளு'. அண்ணன்தான் என் வாய். என் கல்யாணப் பேச்சையே அவருதான் பேசி முடிச்சாரு.

சாதாரண வார்த்தை மக்கர் பண்ணா வேற வார்த்தையைப் போட்டுத் தப்பிச்சிருவேன். 'பாத்திரம்' வரலையா, 'ஏனம்'. பேருக்குத்தான் மாத்து கிடையாது. அதுலயும் என் பேரு பால்வண்ணன். பள்ளிக்கூடத்துல பேரு கேட்ட வாத்தியார், நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள வருகையே எடுத்து முடிச்சிருவாரு.

என் மக பேரு கோமதி. எங்க அம்மா பேரு. பெத்தவ பேரை வாய்விட்டுக் கூப்பிடக்கூடாதுன்னு எங்க பக்கத்து வழக்கம், அதனால எல்லாரும் 'பாப்பா'ம்போம். இந்த இருபத்தாறு வருஷமும் நான் மரியாதைக்குத்தான் பேர் சொல்லலைன்னு ஊரே நினைக்குது. அவளும் நினைக்கா. அந்த வழக்கம் மட்டும் இல்லாட்டி என் கதி என்ன ஆயிருக்கும்?

இப்ப அந்தப் பேரைச் சபையில சொல்லணுமாம்.

பிப்ரவரி 5, வியாழன்

அண்ணன் 'பாத்துக்கிட்டாரு'. எனக்குத் தொண்டையில புண்ணாம், டாக்டர் வாயைத் திறக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காராம். அதனால பெரியப்பா நானே சொல்லிடுதேனேன்னு விளாத்திகுளத்துக்குப் போன் போட்டிருக்காரு.

ஆவுடையப்பன் என்ன பண்ணாரு தெரியுமா? "அடடா, சம்பந்தி உடம்புதான் முக்கியம்"னு சொல்லி, மாசியில வச்சிருந்த நிச்சயத்தைச் சித்திரைக்குத் தள்ளிட்டாரு. ஏப்ரல் 26. இன்னைக்கு பஸ்ல ஒரு பை பனங்கற்கண்டும் சித்தரத்தையும் வந்து சேர்ந்துச்சு. கூடவே ஒரு சீட்டு: வெந்நீர்ல போட்டுக் கொப்பளிக்கணுமாம்.

அந்த நல்ல மனுசன் அனுப்பின கற்கண்டை வாயில போட்டேன். தொண்டையில இறங்க மாட்டேங்குது.

பிப்ரவரி 12, வியாழன்

ஆப்ல ஒரு வசதி இருக்கு. அந்தப் பாஷைக்காரவுக யாராச்சும் வீடியோவுல சும்மா பேச வருவாக. இத்தனை நாளா அந்தப் பக்கமே போகலை. இன்னைக்கு மத்தியானம் என்ன கிறுக்கோ, அமுக்கிட்டேன்.

ஒரு அம்மா வந்தாக. ஒர்னெல்லான்னு பேரு, போஸ்டாபீஸ்ல இருந்து ரிட்டயர்டு ஆனவுக. நமக்கு மதியச் சோறு முடிஞ்சா அங்க காலைக் காபி. நான் பேசின இத்தாலியன் எப்படி இருந்துச்சுன்னா, "நான். மோட்டார். வேலை. சூடு. ஊர் ரொம்ப சூடு." ஒவ்வொரு வார்த்தைக்கும் மண்டைக்குள்ள போய்த் தேடிட்டு வரணும். தேடுதேன், தேடுதேன், அந்தம்மா பாட்டுக்குக் காபியைக் குடிச்சுக்கிட்டு இருக்காக. 'கோன் கால்மா'ங்காக. மெதுவா, மெதுவா.

அப்புறம்தான் உறைச்சுது. நான் திக்கவே இல்லை.

மார்ச் 4, புதன்

திக்கலை! இன்னைக்கும் திக்கலை! கம்ப்ரசர் மோட்டார் ஒண்ணு எரிஞ்சு வந்த கதையை, ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரை, அந்தம்மாவுக்குச் சொன்னேன். எலி கம்பியைக் கடிச்ச இடத்துல விழுந்து விழுந்து சிரிச்சாக. ஒரு ஆளை நான் பேசிச் சிரிக்க வச்சேன். எழுதிக் காட்டி இல்லை, பேசி.

சபையில நான் இத்தாலியன்லயே சம்மதம் சொல்லிட்டா என்ன? ஆவுடையப்பன் முகத்தை நினைச்சுப் பாத்துத் தனியாச் சிரிச்சேன். தனியாச் சிரிக்கிறவனைப் பாத்துட்டு செண்பகம் ஒண்ணும் கேக்காம உள்ள போயிட்டா.

மார்ச் 6, வெள்ளி

மோனோபிளாக் பம்பு ரெண்டுக்குக் காயில் கட்டி முடிச்சேன். வார்னிஷ் காய மாட்டேங்குது. செண்பகம் சரியாப் பேச மாட்டேங்கா. வெயில்னு நினைக்கேன்.

மார்ச் 17, செவ்வாய்

எழுதவே கை வரலை. இருந்தாலும் எழுதுதேன்.

இப்பல்லாம் வார்த்தையைத் தேட வேண்டியதில்லை. தானா வருது. அந்தப் பெருமையில, ஒர்னெல்லாம்மா வீட்டு விசேஷம் கேட்டப்ப, எனக்கு ஒரு மக இருக்கா, அவளுக்குக் கல்யாணம்னு சொன்னேன். "அவ பேரு..."ன்னு ஆரம்பிச்சேன்.

நின்னுருச்சு. அதே ஆணி. அதே இடம். முகம் கோணிச்சு, கண்ணு சொருகிச்சு. பாஷை நல்லா வர வர, அதுவும் பின்னாலயே நடந்து வந்து இத்தாலியிலயும் என்னைக் கண்டுபிடிச்சிருச்சு. போனைத் தூக்கி எறியலாம்னு வந்துச்சு.

அந்தம்மா தரையைப் பாக்கலை. பேரை அவுகளாச் சொல்லி முடிக்கவும் இல்லை, அவுகளுக்கு என் மக பேரு தெரியாதே! என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாக. எவ்வளவு நேரமோ. கடைசியில வந்துச்சு. "கோ... கோமதி."

"நல்ல பேரு. அப்புறம்?"னாக.

அப்புறம் என்ன, உள்ளதைச் சொன்னேன். எனக்குத் திக்கும், இத்தனை நாள் தெரியாம இருந்துச்சுன்னு. அந்தம்மாவுக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடிச்சுது. "இதுவா? எனக்கு என்ன வித்தியாசம்? நீ முதல் நாள்லேர்ந்து நின்னு நின்னுதான் பேசுத. நான் காத்திருக்கேன், நீ சொல்லுத. எனக்கு ஒண்ணும் அவசரமில்லையே"ன்னாக.

மூஞ்சியைக் கழுவிட்டு வேலைக்கு உக்காந்தேன்.

மார்ச் 18, புதன்

காலையில தோசையை வச்சுட்டு செண்பகம் நகராம நின்னா.

"நேத்து பட்டறைக்கு மோர் கொண்டாந்தேன். சன்னல்கிட்ட நின்னேன். பாப்பா பேரைச் சொன்னீக."

நான் பேச வாயெடுத்தேன். அவ கை காட்டி நிறுத்தினா.

"ஒரு மாசமா வெளியில நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். தப்பாவும் நினைச்சேன், பொய் சொல்லலை. ஆனா அந்தம்மா வயசைப் பாத்தா அப்படி இல்லைன்னு தெரிஞ்சு போச்சு. எனக்கு அது கூட வருத்தமில்லைங்க. என்கூட நீங்க இவ்வளவு பேசினதே இல்லை. எம்மக பேரை உங்க வாயால கேக்கணும்னு நான் எத்தனை நாளு ஏங்கியிருப்பேன். யாரோ ஒரு வெள்ளைக்காரிக்கு அது கிடைச்சிருச்சு."

முந்தானையால முகத்தை மூடிக்கிட்டு அழுதா. எனக்கும் அழுகை வந்துருச்சு. தோசை ஆறிப்போச்சு.

"அ... அவுக காத்திருந்தாக, செண்பகம். நீ... நீ..." எனக்கு அடுத்த வார்த்தை வரலை.

"நான் முந்திக்கிடுவேன்"னு அவளே முடிச்சா. முடிச்சதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டா. அழுகையோட ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துருச்சு.

மார்ச் 24, செவ்வாய்

புது ஏற்பாடு. சாயங்காலம் வேலை முடிஞ்சதும் நான் பேசணும், அவ காத்திருக்கணும். அவளுக்குத்தான் பெரும்பாடு. நான் "சீ..."ன்னு ஆரம்பிச்சா "சீப்பா? சீரகமா? சீனியா?"ன்னு பலசரக்குக் கடையே திறந்துருதா. இன்னைக்கு முந்தானையை வாயில கவ்விக்கிட்டு உக்காந்திருந்தா. நான் சொல்ல வந்தது "சீக்கிரம் படு".

ஏப்ரல் 4, சனி

பங்குனித் திருவிழாவுக்குப் பாப்பா வந்திருக்கா. பனங்கற்கண்டுப் பையைப் பாத்தவ, "இது என்னப்பா?"ன்னா. செண்பகம் முழுசையும் சொல்லிட்டா. பாப்பாவுக்குக் கோவம் வந்தா காது சிவந்துரும், அவ ஆத்தா மாதிரி.

"பெரியப்பா எதுக்குப் பொய் சொன்னாக? முகிலன்கிட்ட நான் முதல்லயே சொல்லிட்டேன், எங்கப்பாவுக்குத் திக்கும்னு. அவரு 'சரி'ன்னுட்டு டீயைக் குடிச்சாரு. இதுல மறைக்க என்ன இருக்கு?"

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். பக்கத்துல வந்து உக்காந்தா.

"அப்பா, நீங்க நல்லாப் பேசணும்னு எனக்கு ஒண்ணுமில்லை. நீங்கதான் பேசணும். எனக்குச் சம்மதம் சொல்றதுக்கு எனக்கு அப்பா இருக்காக. எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஆகட்டும்."

பேசுதேன்னு சொல்லிட்டேன். சொல்லும்போது தைரியமாத்தான் இருந்துச்சு. இப்ப தூக்கம் வராம உக்காந்து இதை எழுதிக்கிட்டு இருக்கேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன். மதினி காபி குடுத்தாக. அண்ணன் அண்டாவுக்கு எங்க சொல்லியிருக்கு, சமையக்காரர் யாருன்னு பேசிக்கிட்டே இருந்தாரு. நிறுத்தட்டும்னு பாத்தேன். நிறுத்துற ஆளா அவரு?

"அண்ணே, ச... ச..."

"சபையா? அதை நான் பாத்துக்கிடுதேன்டா. தொண்டை இன்னும் ஆறலைன்னு சொல்லிடுவோம்."

"இ... இல்லண்ணே. நான் பேசுதேன். நீ... நீங்க பேசக்கூடாது. நான் பாதியில நின்னுட்டாலும் பேசக்கூடாது."

இவ்வளவு நீளமா அவர்கிட்ட நான் பேசினதில்லை. அண்ணன் என்னையே பாத்தாரு. "பள்ளிக்கூடத்துல உன்னைத் திக்குவாயன்னு சொன்ன பயலுக எத்தனை பேரு மண்டையை உடைச்சிருக்கேன் தெரியுமாடா? உன் வாய் நான்தானேடா"ன்னாரு. எந்திரிச்சுக் கொல்லைப்பக்கம் போயிட்டாரு. மதினி என்னை முறைச்சாக.

சரியாச் செஞ்சேனான்னு தெரியலை.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப்பிறப்பு. அண்ணன் வரலை. இதுவரை வராம இருந்ததில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

ஒர்னெல்லாம்மாகிட்ட அண்ணன் கதையைச் சொன்னேன். ரெண்டு இடத்துல நின்னுச்சு, நிக்கட்டும்னு விட்டேன். அவுகளும் ஒரு யோசனையும் சொல்லலை. "உன் அண்ணன் நல்லவரா?"ன்னு மட்டும் கேட்டாக. "ரொம்ப"ன்னேன். இத்தாலியன்ல அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது தொண்டை அடைச்சுது, அது திக்கல் இல்லை.

ஏப்ரல் 27, திங்கள்

நேத்து எழுத நேரமில்லை. வீடு முழுக்கச் சனம்.

மண்டபத்துல நூறு பேருக்கு மேல. அண்ணன் வந்துட்டாரு. வேட்டி சட்டை எல்லாம் மடிப்புக் கலையாம, என் பக்கத்துல வந்து உக்காந்தாரு. முகம் மட்டும் இறுகிக் கிடந்துச்சு.

தாம்பூலத் தட்டை நடுவுல வச்சாக. பெரியவர் ஒருத்தர், "பொண்ணைப் பெத்தவர் எந்திரிங்க"ன்னாரு. எந்திரிச்சேன். ஆவுடையப்பன் "தொண்டை தேவலையா சம்பந்தி?"ன்னு மண்டபம் முழுக்கக் கேக்குற மாதிரி கேட்டாரு.

"தொ... தொண்டையில ஒண்ணுமில்லை சம்பந்தி"ன்னேன். "எனக்குத் தி... தி... திக்கும். பொறந்ததுலேர்ந்து. என்னைக் காப்பாத்தணும்னு எங்க அண்ணன் அப்படிச் சொன்னாரு. நீங்க மன்னிக்கணும். நான் பே... பேசி முடிக்கக் கொஞ்சம் நேரமாகும்."

ஆவுடையப்பன் கையைக் கட்டிக்கிட்டு என்னையே பாத்தாரு. அப்புறம் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பாத்துட்டு, "ராகு காலம் சாயங்காலம் நாலரைக்குத்தான். மெதுவாச் சொல்லுங்க"ன்னு சம்மணம் போட்டு நல்லா உக்காந்துக்கிட்டாரு.

என் பேரைச் சொன்னேன். ரெண்டு தடவை நின்னுச்சு. எங்கய்யா பேரைச் சொன்னேன். அது லேசா வந்துருச்சு. அப்புறம் மக பேரு.

நின்னுச்சு. முகம் கோணிச்சு, எனக்கே தெரியுது. பின்வரிசையில ஒரு பிள்ளை சிரிச்சுது, ஆத்தா வாயைப் பொத்தினா. ஓரக்கண்ணுல அண்ணனைப் பாத்தேன். அவரு உதடு 'கோ'ன்னு குவிஞ்சு நிக்குது. எந்த நேரமும் சத்தம் வந்துரும்னு நினைச்சேன். வரலை. ரெண்டு கையாலயும் தொடையைப் பிடிச்சு அமுக்கிக்கிட்டு, கண்ணுல தண்ணி கொட்டக் கொட்ட, அந்த மனுசன் வாயை மூடிக்கிட்டு இருந்தாரு. எனக்காக அவரு பேசினதையெல்லாம் விட அது பெருசு.

"கோமதி"ன்னேன். "எம்மக கோமதியைக் குடுக்க எனக்குச் ச... சம்மதம்."

குலவை போட்டாக. பாப்பா மேடையிலேர்ந்து இறங்கி ஓடியாந்து, பட்டுச்சேலையோட என்னைக் கட்டிக்கிட்டா. "இன்னொரு தடவை சொல்லுங்கப்பா"ன்னா. சொன்னேன். செண்பகம் முந்தானையை வாயிலேர்ந்து எடுத்தா, ஓரமெல்லாம் கசங்கிக் கிடந்துச்சு. ஆவுடையப்பன் ரெண்டு கையாலயும் தாம்பூலத்தை வாங்கினாரு.

அத்தோட முடிஞ்சுதுன்னு பந்திக்கு எந்திரிச்சாக. சமையக்காரர் இலை போடச் சொல்லிட்டாரு.

"உ... உக்காருங்க"ன்னேன். "இன்னும் இருக்கு."

எந்திரிச்சவுக எல்லாரும் உக்காந்தாக. எனக்கே ஆச்சரியமாப் போச்சு. அண்ணன் தோள்ல கையை வச்சேன்.

"இவரு எங்க அண்ணன் சங்கரலிங்கம். இ... இத்தனை வருஷமும் எனக்கு வாயா இருந்தவரு. இன்னைக்கு நான் கேட்டுக்கிட்டதுக்காகப் பேசாம இருந்தாரு. அது அவருக்கு எவ்வளவு க... கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும். இப்ப அவரு பேசணும். எம்மகளை அவருதான் வாழ்த்தணும்."

அண்ணன் எந்திரிச்சு நின்னாரு. துண்டால முகத்தைத் துடைச்சாரு. சபையைப் பாத்தாரு, பாப்பாவைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. வாயைத் திறந்தாரு. ஒரு வார்த்தை வரலை.

நாங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தோம்.